மூக்கில் எழுநூறு கிராம்

சமையல் மேசை முழுக்க இறக்கை.
மூன்று வாரமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

பிர்னோவில் முதல் பனி விழுந்த இரவு
டிராம் பணிமனையிலிருந்து திரும்பி
காலணியைக் கழற்றாமலே
அதன் வெறும் மூக்கைப் பார்த்தபடி நின்றேன்.
நான்கு திருகாணித் துளைகள்,
நடுவில் இருட்டு.
எஞ்சின் இல்லாத விமானத்துக்குப்
பல் போன வாய்.

லுபோர் சொல்கிறான், மின்மோட்டார் போடு.
புகை இல்லை, எண்ணெய் வழியாது,
களத்துக்கு அந்தப் பக்கம் புதுவீடு கட்டியவர்கள்
போலீசைக் கூப்பிட மாட்டார்கள்.
சொல்வதில் பிழையில்லை.
அவனுடைய ஸ்பிட்ஃபயர் தலைக்கு மேல் போகும்போது
குளியலறையில் யாரோ
தலை உலர்த்துகிற சத்தம் வரும்.

கடைக்கார த்ராஹொமீரா கண்ணாடி அலமாரியைத் திறந்து
ஜப்பானின் நாலு ஸ்ட்ரோக் ஒன்றை
மஞ்சள் துணிமேல் வைத்து நகர்த்தினாள்,
நகைக்கடையில் மோதிரம் காட்டுவதுபோல.
விலை கேட்டேன்.
துணியோடு திருப்பி நகர்த்தினேன்.

பிறகு எடைக் கணக்கு.
இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பதினோரு சென்டிமீட்டர்,
அங்கே இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால்
தட்டாமாலை சுற்றாமல், தலை தொங்காமல்
சமமாக நிற்க வேண்டும்.
வால் தொப்பென்று விழுந்தது.
பேட்டரியை எங்கே தள்ளினாலும் விழுந்தது.
மின்மோட்டார் என்றால் மூக்கில் எழுநூறு கிராம் ஈயம்.
தூண்டில் கடையில் வாங்கிய குண்டுகளைத்
தேநீர்க் கோப்பையில் போட்டு
மூக்கில் கட்டித் தொங்கவிட்டு
ஒரு மணிநேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன்.
எழுநூறு கிராம்,
ஒரு வேலையும் செய்யாமல்
கூடவே பறக்கப் போகிற எழுநூறு கிராம்.

எந்த விமானம் என்று இன்னும் சொல்லவில்லை.

போர் முடிந்தபோது
ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன உடல்கள்
இந்த நாட்டில் மிச்சமிருந்தன.
அவற்றுக்கான எஞ்சின்கள் ஒரு கிடங்கில் இருந்தன.
கிடங்கு எரிந்தது.
கைவசம் இருந்தது குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின்,
கனம், மந்தம்,
படகுத் துடுப்புபோல் அகன்ற அலகுகள்.
அதையே பொருத்தினார்கள்.
ஓடுபாதையில் அது இடப்பக்கம் இழுத்தது,
சொன்ன பேச்சு கேட்கவில்லை.
ஓட்டியவர்கள் மெஸெக் என்று பெயர் வைத்தார்கள்.
கோவேறு கழுதை.

நான்கு மாதமாக இதற்குத்தான்
பொருத்தமான எஞ்சின் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்திபோர் வீட்டைவிட்டுப் போனபோது
ஸ்கீ கட்டைகளை எடுத்துக்கொண்டான்,
காப்பி இயந்திரத்தை எடுத்துக்கொண்டான்.
நிலவறையில் மரம் அறுக்கும் மெஷினை மறந்துவிட்டான்.
நாற்பத்தைந்து சிசி.
சங்கிலியைக் கழற்றினேன்.
கைப்பிடி, க்ளட்ச், அவன் பெயரைக் கீறியிருந்த ஆரஞ்சு உறை.
மீதியைத் தராசில் வைத்தேன்:
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
மூக்கில் கட்டினேன்.
இரண்டு விரல்.
நின்றது.

சிலிண்டர் தலை உள்ளே அடங்கவில்லை.
ஒன்பது பூச்சு வண்ணம் அடித்த மூக்குறையில்
ஓட்டை போட வேண்டியிருந்தது.
லுபோர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை, பின்முற்றம்.
பட்டறை மேசையில் எஞ்சினை மட்டும் பூட்டி
தோல் கையுறையோடு விசிறியைத் தட்டினேன்.
எட்டு முறை இருமியது.
கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள்.
பெட்ரோல் வாசனை தெரிந்தது ஒன்பதாவது தட்டில்.

மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.
இந்த நேரத்தில் எவன் மரம் வெட்டுவது என்று
திருமதி ஹவ்ரான்கோவா கேட்டாள்.
விமானம் என்று கத்தினேன்.
அவளுக்குக் கேட்கவில்லை.
எனக்கே கேட்கவில்லை.

பட்டறை மேசை
பனியைக் கீறிக்கொண்டு
கொஞ்சம் கொஞ்சமாக
இடப்பக்கம் நகர்ந்தது.